இரவுப் பணியில் 160/110: பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் செவிலியர் எதுவரை செய்யலாம்?

வைப்பாற்றுக்கரை எழுதியது:

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வாரமாக ஓயாத சண்டை. உங்கள் கருத்தும் தெரிந்தால் நல்லது.

24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையம். இரவில் ஒரு செவிலியரும் ஒரு பணியாளரும்தான். மருத்துவர் தொலைபேசியில் கிடைப்பார். சீமாங்க் மையத்துக்கு (பெரிய மருத்துவமனையின் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) 108-இல் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

33 வாரக் கர்ப்பிணி ஒருவர் தலைவலி என்று வந்தார். ரத்த அழுத்தம் 164/112. பதினைந்து நிமிடம் கழித்து 166/110. சிறுநீரில் அல்புமின் (புரதம்) மூன்று பிளஸ். பணியில் இருந்த சிஸ்டர் மருத்துவரிடம் பேசி, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டை (மேக்சல்ஃப்) இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் போட்டார். அழுத்தத்தை இறக்கும் நிஃபெடிபின் 10 மி.கி. விழுங்கக் கொடுத்து, சீட்டு எழுதி அனுப்பிவைத்தார். அங்கிருந்து வந்த பதில்: "வலிப்பே வராத பெண்ணுக்கு யார் உங்களை மேக்சல்ஃப் போடச் சொன்னது? ஏற்றி அனுப்புவதோடு உங்கள் வேலை முடிந்தது."

தாயும் குழந்தையும் நலம். ஆனால் எங்கள் செவிலியர்களில் பாதிப் பேர் "இனி ஊசியைத் தொட மாட்டோம், அளப்போம், அனுப்புவோம்" என்கிறார்கள். மற்றவர்கள் அந்த சிஸ்டர் செய்ததே சரி என்கிறார்கள். நான் இரண்டாம் கட்சி. லேபர் வார்டில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

வலிப்பு வராத பெண்ணுக்கு ஏன் போட்டீர்கள் என்றால், வலிப்பு வரக் கூடாது என்பதற்காகத்தான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

2002-இல் மேக்பை ஆய்வு வெளிவந்தது. 33 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். எல்லோருமே முன்சூல்வலிப்பு நிலையில் இருந்தவர்கள், அதாவது கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, வலிப்பு இன்னும் வராதவர்கள். மெக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன்பே 1995-இல் வந்த ஆய்வில், ஏற்கெனவே வலிப்பு வந்தவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுப்பதில் டயசெபாமும் ஃபெனிடாயினும் மெக்னீசியத்துக்குப் பின்னே நின்றன. இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இரவுப் பணி மருத்துவர் செவிலியரைத் திட்டுகிறார் என்றால், அவர் படிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த சிஸ்டர்கள் லிட்டிக் காக்டெய்ல் காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். சென்னையின் டாக்டர் கிருஷ்ண மேனன் 1961-இல் எழுதிய முறை அது. குளோர்ப்ரோமசின், ப்ரோமெத்தசின், பெத்திடின் மூன்றும் சேர்த்துத் தாயை ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பார்கள். இருட்டறை, வாயில் மூச்சுக்கான ஏர்வே குழாய், காலடிச் சத்தம்கூடக் கூடாது. அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் தாய் விழுந்து கிடப்பாள், பிறக்கும் குழந்தையும் சோர்ந்திருக்கும். மெக்னீசியம் வந்த பிறகு தாய் கண் திறந்து பேசுகிறாள், பால் கொடுக்கிறாள். இரண்டு காலத்தையும் பார்த்தவர்கள் யாரும் இந்த ஊசியைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள்.

அளவுநாடா எழுதியது:

நான் செவிலியர் கல்லூரியில் பாடம் எடுப்பவள். ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த 164/112 எப்படி அளக்கப்பட்டது?

குறை காணக் கேட்கவில்லை. தாய்மார் அட்டைகளைப் புரட்டினால் 110/70, 120/80, 110/70 என்று தாளம் தப்பாமல் வரிசையாக இருக்கிறது. மனித ரத்த அழுத்தம் பூஜ்ஜியத்தில் மட்டும் முடிவதில்லை. 138/88 என்பதை 130/80 என்று எழுதிவிட்டால் ஏறிவரும் அழுத்தம் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த வருகையில் 150/100 என்று பார்த்துவிட்டுத் திடீரென்று ஏறிவிட்டது என்போம். திடீரென்று ஏறியதில்லை, நாம்தான் இறக்கி எழுதியிருக்கிறோம்.

மாடியேறி வந்தவரை, வரிசையில் நின்று வந்தவரை உடனே அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேச்சு கூடாது, சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கைப்பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் எண்பது சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத அழுத்தம் காட்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது மேலே இருக்கும் வலது கையில் அளந்தால் பத்து புள்ளி வரை குறைத்துக் காட்டும். "படுக்க வைத்ததும் குறைந்துவிட்டது" என்று நிம்மதி அடையும் வழக்கம் பிரசவ அறைகளில் உண்டு. பல நேரம் குறைந்தது கருவியில் மட்டும்தான்.

டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்சூல்வலிப்பு உள்ள பெண்களிடம் சில கருவிகள் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். கர்ப்பிணிகளிடம் சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்ட கருவியா என்று பாருங்கள். ஐயம் வந்தால் ஸ்டெதஸ்கோப் வைத்து அளந்து, ஒலி முற்றிலும் மறையும் இடத்தைக் கீழ் எண்ணாக எழுதுங்கள்.

வைப்பாற்றுக்கரை எழுதியது:

உட்கார வைத்து, அனராய்டு கருவியில், இரண்டு கையிலும் அளந்தோம். கேஸ் ஷீட்டில் நேரத்தோடு இருக்கிறது. பட்டை மட்டும் எங்களிடம் ஒரே அளவுதான். அந்தப் பெண் ஒல்லி, அதனால் அளவில் தவறு வந்திருந்தாலும் குறைத்துத்தான் காட்டியிருக்கும்.

ரவுண்ட்ஸ் டாக்டர் எழுதியது:

நானும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர்தான்.

அந்த சிஸ்டர் செய்தது சரி. செவிலியர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மத்திய அரசு தந்திருக்கும் பிரசவ வழிகாட்டியிலேயே, அனுப்புவதற்கு முன் முதல் டோஸாக 10 கிராம், பிட்டத்துக்கு ஐந்து கிராம் வீதம் ஆழத் தசையில் போட இடம் இருக்கிறது. ஆகவே "யார் சொன்னது" என்பதற்குப் பதில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பிரசவ அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஆனால் பலரும் போட்டுக் குழப்பும் ஒன்றைப் பிரிக்க வேண்டும். மெக்னீசியம் ரத்த அழுத்த மருந்து இல்லை. அது மூளையை வலிப்பிலிருந்து காக்கிறது. 160/110-ஐ இறக்க வேறு மருந்து வேண்டும், அதையும் அளந்து உறுதிசெய்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த அழுத்தத்தில் பயப்பட வேண்டியது மூளையில் ரத்தக் கசிவு. மெக்னீசியம் மட்டும் போட்டுவிட்டு 180/120-ஓடு ஒரு மணி நேரம் ஆம்புலன்ஸில் அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

நம் நிலையங்களில் கையில் கிடைப்பது நிஃபெடிபின் 10 மி.கி. வாயால் விழுங்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைப்பதையும், கேப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பிழிவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழுத்தம் சடாரென்று விழுந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்து குழந்தை தவிக்கும். அரை மணி கழித்து அளந்து, இன்னும் 160/110-க்குக் குறையவில்லை என்றால் இன்னொரு 10. 140/90 பக்கம் வந்தால் போதும். 120/80 வரை விரட்டக் கூடாது. லபெட்டலால் ஊசி இருந்தால் 20 மி.கி. மெதுவாகச் சிரையில், பிறகு தேவைக்கேற்ப 40, 80. ஆஸ்துமா உள்ளவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. இன்ஹேலர் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஆம்பூலை உடைக்க வேண்டும்.

ஊசி வசதி இல்லாத இடமென்று கைகட்டி நிற்கவும் வேண்டாம். நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் வாய்வழி நிஃபெடிபின், லபெட்டலால், மெத்தில்டோபா மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே பெரும்பாலான பெண்களின் அழுத்தத்தை ஆறு மணி நேரத்துக்குள் கட்டுக்குள் கொண்டுவந்தன. நம்மைப் போன்ற இடத்தில், நம் பெண்களிடம் நடந்த ஆய்வு அது.

33 வாரம் என்றீர்கள். டெக்சாமெத்தசோன் 6 மி.கி. முதல் டோஸ் போட்டு அனுப்பினீர்களா? குழந்தையின் நுரையீரலுக்கு அந்த ஒரு மணி நேரமும் கணக்குதான்.

வைப்பாற்றுக்கரை எழுதியது:

டெக்சா போட்டுத்தான் அனுப்பினோம் டாக்டர், சீட்டிலும் எழுதியிருந்தது. ஆனால் அங்கே சீட்டைப் படிக்காமலே மறுபடி போட்டிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

டாக்டர் சொன்னதில் எனக்கு ஓர் இடத்தில் ஒப்புதல் இல்லை. தசையில் மட்டும் போட்டால் மருந்து ரத்தத்தில் போதிய அளவுக்கு ஏற ஒரு மணி நேரம் வரை ஆகும். தலைவலி, கண் இருட்டல் என்று வாசலில் வந்து நிற்பவளுக்கு அது தாமதம். பிரிட்சார்டு முறையில் முதலில் 4 கிராம் சிரையில், உடனே 10 கிராம் தசையில். பயிற்சி பெற்ற செவிலியர் 4 கிராமையும் போட்டு அனுப்ப வேண்டும் என்பேன்.

கணக்கும் கடினமில்லை. நம் ஊர் ஆம்பூல் 2 மி.லி., அதில் 1 கிராம். நான்கு ஆம்பூல் 8 மி.லி. அதோடு 12 மி.லி. சலைன் சேர்த்தால் 20 மி.லி. ஆகிவிடும், 20 சதவீதக் கரைசல். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகப் போட வேண்டும். உடம்பெல்லாம் சூடு பரவும், வாந்தி வரும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தசைக்கு ஐந்து ஆம்பூல் நீர் சேர்க்காமல் 10 மி.லி., ஒரு பிட்டத்துக்கு. லிக்னோகெய்ன் 1 மி.லி. சேர்த்தால் வலி தாங்கலாம். நீண்ட ஊசி வேண்டும். கொழுப்பில் போட்டால் கட்டி வரும், மருந்தும் ஏறாது.

ரவுண்ட்ஸ் டாக்டர் எழுதியது:

சிஸ்டர், உங்களைப் போல முப்பது பேர் கூட நிற்கும் வார்டில் அது சரி. இரவு இரண்டு மணிக்குத் தனியாக இருப்பவர் நான்கு ஆம்பூல் உடைத்து, கலந்து, ஐந்து நிமிடம் சிரிஞ்சை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் 108-க்குப் போன் செய்ய முடியாது. அவசரத்தில் நீர் சேர்க்காமல் 50 சதவீதத்தையே சிரையில் ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. தசையில் 10 கிராமுக்கு அந்தப் பிழை வராது. மருத்துவர் பக்கத்தில் இருந்தால் சிரையில் போடலாம், இல்லாவிட்டால் தசை மட்டும் போதும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

வர வேண்டாம். ஆனால் பிரசவ அறையில் தனியாளை வைத்துவிட்டு அதையே காரணமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது செவிலியரைக் கேட்டு வாங்குங்கள்.

புதுச் சீருடை எழுதியது:

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். நான் பயிற்சி முடித்துச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மேக்சல்ஃப் போட்டால் மூச்சு நின்றுவிடும் என்று எங்களைப் பயமுறுத்தியே பாடம் நடத்தினார்கள். நிஃபெடிபினோடு சேர்த்துக் கொடுத்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும் என்றும் சொன்னார்கள். உண்மையா?

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

மூச்சு நிற்பதற்கு முன் அது உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வரும் அம்மா. முதலில் முழங்கால் அனிச்சை மறையும். மூச்சு குறைவது அதற்குப் பிறகு. அதனால்தான் ஒவ்வொரு தொடர் டோஸுக்கும் முன்னால் மூன்றைப் பார்க்கிறோம்: தட்டினால் முழங்கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது இறங்குகிறதா. மெக்னீசியம் வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீர் நின்றுபோனவளுக்கு நான்கு மணிக்கொருமுறை 5 கிராம் போட்டுக்கொண்டே போவதுதான் விபத்து. முதல் டோஸில் நஞ்சேறுவது மிக அரிது. கவனம் வேண்டியது மூன்றாவது, நான்காவது டோஸில், அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில். முதுகில் ஊசி போட்டு அறுவை முடித்தவர்களுக்கு முழங்கால் துள்ளாது. அவர்களுக்கு முழங்கையில் பாருங்கள்.

மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மூச்சு குறைந்துவிட்டால் கால்சியம் குளுகோனேட் 10 சதவீதம் 10 மி.லி. மெதுவாகச் சிரையில். மூச்சுக் கொடுக்கும் ஆம்புபேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ரவுண்ட்ஸ் டாக்டர் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நிஃபெடிபினையும் மெக்னீசியத்தையும் சேர்த்துக் கொடுப்பது இன்று உலகெங்கும் வழக்கம். ஆபத்தான கூட்டுவிளைவு மிக அரிது. கொடுத்துவிட்டு அளந்துகொண்டே இருப்பதுதான் முக்கியம். பயந்து எதையும் கொடுக்காமல் விடுவதுதான் நாம் அதிகம் காணும் தவறு.

கிராம சுகாதாரம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் 160/110-இல் தொடங்குகிறீர்கள். நான் 130/84-இல் தொடங்குபவள்.

என் பகுதியில் ஒரு பெண்ணை எட்டாவது வாரத்தில் பதிவு செய்து, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கி, மாதம் தவறாமல் அளந்து வருவேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அது வேறு மாவட்டம், வேறு நிலையம், வேறு சிஸ்டர். அங்கே அவள் புதியவள். "வந்து இரண்டு வாரம் ஆகிறது, அடுத்த வாரம் காட்டலாம்" என்று அம்மா சொல்வார். அட்டை இங்கே மாமியார் வீட்டு அலமாரியில். லபெட்டலால் மாத்திரை தீர்ந்து, வாங்க யாரும் இல்லை. முன்சூல்வலிப்பு அதிகம் தலைகாட்டும் கடைசி மூன்று மாதத்தில்தான் இந்த இடைவெளி விழுகிறது. வளைகாப்பு அழைப்பிதழ் வந்ததுமே நான் அந்த ஊர் செவிலியரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசிவிடுவேன். கணினியில் மாற்றிவிட்டால் மட்டும் போதாது, ஆளோடு பேச வேண்டும்.

வீட்டு வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். கால் வீங்கினால் உப்பில்லாக் கஞ்சி, பார்லித் தண்ணீர், நாள் முழுவதும் படுக்கை. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு உப்பும் இல்லை, ருசியும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. உப்பைக் குறைப்பதால் முன்சூல்வலிப்பு தடுக்கப்படுவதில்லை. ஊறுகாயும் அப்பளமும் அளவோடு இருக்கட்டும், சோற்றில் உப்பை நிறுத்த வேண்டாம். கால் வீக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. முகமும் கையும் திடீரென்று உப்பினால், வளையல் ஏறவில்லை, மோதிரம் கழலவில்லை என்றால், அன்றே அளக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது மேல்வயிற்று வலியில். வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி என்று பெண் சொல்வாள். வாயு என்று யாராவது ஓர் இனிப்பு மருந்தை ஊற்றிவிடுவார்கள். அது கல்லீரல் கொடுக்கும் குரல். எட்டாம் மாதத்தில் மேல்வயிறு வலிக்கிறது என்று சொன்னால், மாத்திரைக்கு முன் கைப்பட்டையைக் கட்டுங்கள். வலிப்பு வந்தவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் இன்னும் நடக்கின்றன. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, விழாமல் பார்த்துக்கொண்டு, 108-ஐ அழைத்தால் போதும் என்று கிராமக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

செவ்வந்தி எழுதியது:

நான் செவிலியர் இல்லை, தேடும்போது இந்தப் பக்கம் கிடைத்தது. இது இரண்டாவது கர்ப்பம், 11 வாரம். முதல் பிரசவத்தில் அழுத்தம் ஏறி 35 வாரத்திலேயே அறுவை செய்தார்கள். இந்த முறையும் வருமா? ஏதாவது செய்ய முடியுமா? திருமணத்துக்கு முன்பே அம்மாவுக்கு உள்ள அழுத்தம் எனக்கும் வந்து, ஒரு மருத்துவர் டெல்மிசார்டன் கொடுத்தார். இன்னும் சாப்பிடுகிறேன்.

ரவுண்ட்ஸ் டாக்டர் எழுதியது:

அம்மா, டெல்மிசார்டன் கர்ப்பத்தில் கூடாது. எனலாபிரிலும் அப்படித்தான். இரண்டும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாளைக் காலையே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாற்று மருந்து இல்லாமல் நீங்களாக நிறுத்திவிட்டு இருந்துவிடவும் வேண்டாம். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்துக்கு ஏற்றவை இருக்கின்றன, அவர் மாற்றிக் கொடுப்பார்.

உங்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். முன்பு இப்படி ஆனவர்களுக்கும், ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12-ஆவது வாரம் முதல், 16 வாரத்துக்கு முன்பாகவே தொடங்குவது வழக்கம். இரவில் ஒரு வேளை. 30 வாரத்தில் வந்து கேட்டிருந்தால் அதற்குப் பயன் இல்லை. உங்கள் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

கிராம சுகாதாரம் எழுதியது:

கால்சியம் மாத்திரையையும் விடாதீர்கள் தங்கச்சி. உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்கு அது முன்சூல்வலிப்பைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நிறையப் பெண்கள் இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கி, இரும்புச்சத்து சரியாக உடம்பில் ஒட்டாமல் போகிறது.

வடமராட்சி எழுதியது:

இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். இங்கே பேச்சு முழுவதும் பிரசவத்துக்கு முன்னால் நிற்கிறது. பிள்ளை பிறந்ததும் வருத்தம் (நோய்) முடிந்தது என்று தாயும் நினைக்கிறார், சில வேளை விடுதியும் (வார்டும்) நினைக்கிறது. குருதி அமுக்கம் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் உச்சத்துக்கு ஏறும். அந்த நாட்களில் தாய் வீட்டில் இருக்கிறார். நாங்கள் முதல் பத்து நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒழுங்கு. குழந்தையின் தொப்புளைப் பார்த்து, பால் கொடுப்பதைப் பார்த்து, கைப்பட்டையை எடுக்காமல் திரும்பிவிடுவது மிக இலகு. சத்திரசிகிச்சைக் காயம் நன்றாக இருந்தால் எல்லாம் நன்று என்று எழுதிவிடலாம். அமுக்கம் வெளியே தெரிவதில்லையே.

பிரசவத்துக்குப் பின் தலைவலி என்றால் நித்திரை இல்லாததால் என்றே வீட்டார் சொல்வார்கள். பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரும். அநேகமாக முதல் 48 மணி நேரத்துக்குள், சிலருக்கு அதற்கும் பிந்தி.

அளவுநாடா எழுதியது:

இதை ஒட்டி ஒன்று. மெத்தர்ஜின், கருப்பையைச் சுருக்கும் மருந்து. பிரசவம் முடிந்ததும் ரத்தப்போக்கு என்றால் கை தானாக அந்த ஆம்பூலுக்குப் போகும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது கூடாது. ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில், போதாவிட்டால் மிசோப்ரோஸ்டால். எங்கள் மாணவிகளிடம், அழுத்தம் உள்ள தாய் பிரசவ அறைக்குள் நுழைந்ததுமே மெத்தர்ஜினைத் தட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடச் சொல்கிறேன். ரத்தம் கொட்டும்போது யாரும் கேஸ் ஷீட்டைப் புரட்ட மாட்டார்கள்.

தேம்ஸ் ஓரம் எழுதியது:

லண்டனில் மகப்பேறு வார்டில் இருக்கிறேன், படித்தது மதுரையில். இரண்டு இடத்தையும் பார்த்தவள் என்ற முறையில் என் கண்ணில் பட்ட பெரிய வேறுபாடு மருந்தில் இல்லை, டிரிப்பில்தான்.

ஊரில் நான் பயின்ற காலத்தில், அழுத்தம் உள்ள பெண் வந்ததும் ஒரு பாட்டில் ஆர்.எல். உப்புநீர் தொங்கும். சிறுநீர் குறைந்தால் இன்னொன்று. முன்சூல்வலிப்பில் ரத்தக்குழாய்கள் நீரைக் கசிய விடுகின்றன. ஏற்றிய நீர் நுரையீரலில் போய்த் தேங்குகிறது. இங்கே தீவிர நிலையில் உள்ளவருக்கு, வேறு இழப்பு இல்லாவிட்டால், மருந்துகளில் கலந்து போவதையும் சேர்த்து மணிக்கு 80 மி.லி.க்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. சிறுநீர் சிறிது நேரம் குறைந்தால் பாட்டிலை மாட்டாமல் பொறுத்துப் பார்க்கிறோம். மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவர்.

பிரிட்டனில் மருந்து எடுக்கும் கர்ப்பிணிக்கு இலக்கு 135/85. ஊரில் 150/100 வரை பொறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கறாராகத் தோன்றும். இன்னொன்று, டாக்டர் கூடாது என்று சொன்ன எனலாபிரிலையே பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும் தாய்க்கு இங்கே கொடுக்கிறோம். ஆகவே செவ்வந்தி போன்றவர்கள் "ஒருமுறை கூடாது என்றார்கள், இப்போது கொடுக்கிறார்களே" என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதுதான் தடை.

வைப்பாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எங்கள் மருத்துவ அலுவலரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். வழிகாட்டியின் அந்தப் பக்கம் சுவரில் ஏறிவிட்டது. அனுப்பும் சீட்டில் "மெக்னீசியம் 10 கிராம் தசையில், நேரம்" என்று சிவப்பு மையில் முதல் வரியிலேயே எழுதுவது, சீட்டை நம்பாமல் அங்குள்ள பிரசவ அறைக்கு நேரடியாகப் போன் செய்வது, இரண்டும் முடிவாகியிருக்கின்றன. நேரம் தெரியாவிட்டால் அங்கே நான்கு மணி நேரக் கணக்கும் தவறும், முழு டோஸையும் மறுபடி போட்டுவிடுவார்கள்.

இப்போதைய சிக்கல் சாவி. மருந்தாளுநர் மாலையில் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஆம்பூல்கள் உள்ளே.

ரவுண்ட்ஸ் டாக்டர் எழுதியது:

அவசர மருந்துகள் பிரசவ அறையில் செவிலியர் பொறுப்பில் இருக்க வேண்டும். பத்து ஆம்பூல் இல்லை, இருபது வையுங்கள். ஒரு பெண்ணுக்கே பத்து போய்விடும். பயன்படுத்தியதைப் பதிவேட்டில் எழுதிக் காலையில் மருந்தாளுநரிடம் ஈடு வாங்கிக்கொள்ளலாம். மாதத் தொடக்கத்தில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

புதுச் சீருடை எழுதியது:

கால்சியம் குளுகோனேட்டும் அதே தட்டிலா?

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

அதே தட்டில், தனி உறையில், மேலே பெரிதாக எழுதி. ஒரே சிரிஞ்சில் இரண்டும் சேரவே கூடாது, படிந்துவிடும்.

வைப்பாற்றுக்கரை எழுதியது:

இண்டென்டில் (பொருள் கேட்கும் பட்டியலில்) பெரிய கைப்பட்டை ஒன்று, சிறியது ஒன்று, முழங்கால் சுத்தியல் ஒன்று எழுதியிருக்கிறேன். சுத்தியல் வர எத்தனை மாதம் ஆகுமோ.

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்டெதஸ்கோப்பின் வட்டு ஓரத்தால் தட்டினால் போதும். முதலில் உங்கள் பணியாளரின் முழங்காலில் தட்டிப் பழகுங்கள்.